இரண்டு வயலுக்கு அப்பால் ஒரு முகம்

பார்க்காத முகத்தைப் பார்த்தேன் என்று போலீஸிடம் சொன்னவன் நான். அதனால் எங்கள் வயலில் வேலை செய்த ஒருவர் ஜாமீன் கிடைக்காமல் எட்டு மாதம் சிறையில் இருந்தார்.

ஆட்சி மாறிய புதிது. கூலி உயர்வு கேட்டு ஆட்கள் அறுவடையை நிறுத்தியிருந்தார்கள். ஒருநாள் அந்தி மங்கும்போது எங்கள் வைக்கோல் போர் தீப்பற்றியது. இரண்டு வயலுக்கு அப்பால், தலையில் துண்டு கட்டிய ஒரு உருவம் வரப்பில் ஓடியது. அன்று காலை அப்பாவோடு கூலிக்காக மல்லுக்கு நின்றவரின் முகத்தை என் மனம் அதில் ஒட்டவைத்தது. நேரில் கண்டதாகவே சொன்னேன்.

தஞ்சாவூர்க் கல்லூரியில் நான் ஒளியியல் ஆசிரியர். மங்கிய வெளிச்சத்தில் கண் எதையெல்லாம் இழக்கிறது என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது கை நின்றுவிட்டது. சாட்சிகளின் பார்வை எப்படித் தவறுகிறது என்ற ஆராய்ச்சிகளை நூலகத்தில் தேடிப் படித்தேன். வழக்கு விசாரணைக்கு ஒரு மாதம் இருந்தது.

மாணவர்களை ஊருக்கு அழைத்துப்போனேன். அதே வரப்பு, அதே நேரம். தலையில் துண்டோடு நான் உட்பட ஆறு பேர் ஒவ்வொருவராக நடக்க வேண்டும். இரண்டு வயலுக்கு இப்பால் நின்று பார்க்கும் ஊர்க்காரர்கள் தனித்தனியே வந்து, யாரென்று ஒரு மாணவனின் காதில் சொல்ல வேண்டும். நடப்பது யாரென்று அவனுக்கும் தெரியாது. சிறையில் இருந்தவரின் மனைவி வந்திருந்தார். என் கூத்தைப் பார்க்க அப்பாவும் வந்தார்.

நான் நடந்தபோது அப்பா விதியை மறந்து கத்தினார். "அதோ, அவனேதான்! ஜாமீன்ல வந்துட்டானா?"

துண்டை அவிழ்த்துக்கொண்டு நான் அவர்களிடம் வந்தேன்.

"பெத்த புள்ளையவே தெரியலையேங்கய்யா ஒங்களுக்கு!" என்றார் அந்த அம்மாள். "எங்கூட்டுக்காரரு இவ்ளோ செவப்பா?"

வயலே சிரித்தது. அப்பாவுக்கும் அடக்க முடியவில்லை.

கோர்ட்டில் அரசு வக்கீல் என்னைப் பிறழ்சாட்சி என்றார். வரப்புச் சோதனையை எழுதிவைத்த எங்கள் குறிப்பேட்டை நீதிபதி வாங்கவில்லை. முகம் தெரிந்ததா என்று மட்டும் கேட்டார். "தெரியவில்லை. தெரிந்ததாகச் சொன்னது என் தவறு" என்றேன். சிறையில் இருந்தவர் விடுதலையானார். தீ வைத்தது யாரென்று இன்றுவரை தெரியாது.

மன்னிப்புக் கேட்க அவர் தெருவுக்குப் போனேன்.

"அதெல்லாம் அப்பறம் பாப்போம். ஐயா கத்துனத நான் பாக்கலையே! இன்னொருவாட்டி நடத்துங்க வாத்தியாரே" என்றார்.

நடத்தினோம். தன் தம்பியையே யாரோ என்று சொல்லிவிட்டு, வரப்பில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

மன்னித்தேன் என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் என் மகள் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்தார். முதல் பந்தியில் அப்பாவுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, பாயசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.