டிரம்முக்குள் நின்ற ஆள்

நான் செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் தெரியாது என்று சொல்லக் கூடாது.

திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்புகளில் சுற்றுகிற மர டிரம்களில் பதினேழு என் கையால் ஆனவை. தோலையும் சுண்ணாம்புத் தண்ணீரையும் போட்டுச் சுற்றவிடும், ஒரு அறை அளவுள்ள உருளைகள் அவை. கிரேன் கிடைக்காத காலத்தில் கையால் இழுக்கும் சங்கிலிக் கப்பியான செயின் பிளாக்கை மட்டும் வைத்துப் பத்தடி டிரம்மைத் தூக்கி ஏற்றினேன். ஒரு மில்லுக்குப் பஞ்சு இழுக்கும் தகரக் குழாயான டக்ட் முழுவதையும் கயிறு பிடித்தே அளந்து போட்டேன். நாற்பத்தாறு வயதில் கம்ப்யூட்டரில் படம் வரையும் கேட் (CAD) கற்றேன். இத்தனைக்கும் நான் ரெட்டியார்சத்திரம் பக்கம் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்.

கேட் கற்ற கதையைத்தான் எழுதுகிறேன். என்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகள் கவனமாகப் படிக்கவும்.

மவுஸ் பிடித்தது

தொண்ணூறுகளின் கடைசி. பேகம்பூர் பக்கம் தோல் ஷாப் வைத்திருந்த முதலாளியை எல்லோரும் பாய் என்போம். ஒரு நாள் கூப்பிட்டு அனுப்பினார்.

"சின்னச்சாமி, புது டிரம்முக்குக் கம்ப்யூட்டர் டிராயிங் வேணுமாம்ப்பா. தோல் வாங்குற வெளிநாட்டுக்காரன் கேக்குறான். நீ தரையில சாக்பீஸ்ல போடுறத அவன் ஒத்துக்க மாட்டான்."

"தரையில போட்டதுதான பாய் இருவது வருசமா சுத்துது?"

"சுத்துதுப்பா. அத அவனுக்குத் தபால்ல அனுப்ப முடியுமா?"

நாகல் நகரில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. ஸ்டெல்லா டீச்சருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். முதல் நாளே, "ஐயா, அம்புட்டு இறுக்கிப் பிடிக்காதீங்க. அது மவுஸு, ஸ்பேனர் இல்ல" என்றார். வகுப்பே சிரித்தது. சிரித்த டிப்ளமோக்காரர்கள் பெட்டி வரைந்துகொண்டிருக்கும்போதே, மூன்று வாரத்தில் நான் பத்தடி டிரம்மை முப்பரிமாணத்தில் எழுப்பிவிட்டேன். பலகை, உள் முளை, கதவு, கியர் எல்லாம் உண்டு.

அழித்தாலும் நின்றான்

"அளவு தெரியணும்ல, பக்கத்துல ஒரு ஆள நிறுத்துங்கய்யா" என்றார் டீச்சர். அவர் வரைந்து வைத்த ஆள் ஒன்று இருந்தது. ஐந்தரை அடி. முகத்தில் கண், மூக்கு கிடையாது. கைகள் இரண்டும் உடம்பை விட்டுச் சற்று விலகியிருக்கும். இன்சர்ட் கொடுத்தால் வந்து நிற்பான்.

கொடுத்தேன். வரவில்லை. மறுபடி கொடுத்தேன். ஐந்து தடவை கொடுத்தும் திரையில் டிரம் மட்டும் இருந்தது. அப்போது திரை ஷேட் வைத்த நிலையில், கெட்டி மரம்போல் இருந்தது. பலகையின் விளிம்பைப் பார்ப்பதற்காக வயர்பிரேமுக்கு மாற்றினேன். மரம் மறைந்து கோடுகள் மட்டும் நின்றன.

ஆள் டிரம்முக்குள் இருந்தான். நட்ட நடுவில். காலடியில் ஒன்றும் இல்லை. அந்தரத்தில் நின்றான்.

கிளிக் செய்து அழித்தேன். நின்றான். மறுபடி அழித்தேன். நின்றான். மூன்றாவது தடவையும் நின்றான். பதினேழு டிரம் ஏற்றிய நான் டீச்சரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். மறைக்க மாட்டேன்.

டீச்சர் வந்து பார்த்தார். "அஞ்சு தடவ கூப்ட்டீங்க, அஞ்சு பேரும் ஒரே எடத்துல வந்து நின்னாங்க. மூணு பேர அழிச்சீங்க, இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க. எங்க நிக்கணும்னு எடம் சொல்லலைன்னா அளவு ஆரம்பிக்கிற ஜீரோவுல போய் நிப்பான்யா. நீங்க டிரம்மோட நடுவத்தான ஜீரோவா வச்சு வரைஞ்சீங்க? அவனப் பிடிச்சு நிறுத்துற புள்ளிய நான் இடுப்புல வச்சிருக்கேன், அதான் தொங்குறான்."

காரணம் புரிந்தது. ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஒன்றே மனதில் ஓடியது. இருபது வருஷம் தரையில் வரைந்தேனே, ஒரு தடவையாவது உள்ளே ஆளை வைத்து நினைத்ததுண்டா?

தட்டு நின்றது

மறுநாள் காலை, பாயின் ஷாப்பில் இருந்த என் பழைய டிரம் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணப் போனேன். டிரம்மை நிறுத்தியிருந்தார்கள். கழுவுகிற சவரிமுத்து உள்ளே போயிருந்தான். கழுவுகிறவன் கட்டையால் பலகையைத் தட்டிக்கொண்டே இருப்பான். தட்டும் சத்தம் கேட்டால் ஆள் உள்ளே, நின்றால் வெளியே வந்துவிட்டான் என்பது எல்லா ஷாப்பிலும் வழக்கம். கதவு அந்தப் பக்கம், மோட்டாரைப் போடும் ஸ்டார்ட்டர் இந்தப் பக்கம். அதனால் காதுதான் கணக்கு.

தட்டு நின்றது.

"சவரி வந்துட்டான் போல" என்றார் ஸ்டார்ட்டர் போடும் முருகேசன். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, "போடு" என்றேன்.

போடு என்று சொன்னவன் நான்தான். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

முருகேசன் லீவரில் கை வைத்தார். நான் நிமிர்ந்தேன். எதிரே என் டிரம் கெட்டியாக, இருட்டாக, நேற்றுத் திரையில் ஷேட் வைத்துப் பார்த்தது போலவே நின்றது. ஐந்து தடவை கூப்பிட்டும் தெரியாத ஆள் நினைவுக்கு வந்தான்.

"கைய எடுய்யா!" என்று கத்திக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினேன்.

கதவு வழியாகப் பார்த்தேன். நட்ட நடுவில் சவரிமுத்து நின்றான். கைகள் இரண்டும் உடம்பை விட்டுச் சற்று விலகி இருந்தன. உள் இருட்டில் முகம் தெரியவில்லை. கால் பலகையில் இருந்தது. வித்தியாசம் அது ஒன்றுதான்.

இழுத்து வெளியே போட்டுத் தண்ணீர் தெளித்தோம். உள்ளே தேங்கிய வாடை தலைக்கு ஏறியிருந்தது. மூச்சு சீரானதும் பேசினான்.

"தட்டத்தான் பாத்தேண்ணே, கை வரல. சத்தமும் வரல. நீங்க போடுன்னது கேட்டுச்சு."



பூட்டு

அன்றே டிராயிங்கை மாற்ற உட்கார்ந்தேன். ஸ்டார்ட்டர் லீவருக்கு ஒரு கொண்டி, அதில் நம்மூர்ப் பூட்டு. சாவி ஒன்றே ஒன்று. உள்ளே போகிறவன் பூட்டிவிட்டுச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டு போக வேண்டும். அவன் வெளியே வராமல் டிரம் சுற்றாது.

"ஒரு பூட்டுக்காவ ஒரு வாரம் லேட் பண்ணுவியா? ஆர்டர் போயிரும்ப்பா" என்றார் பாய்.

"அப்ப நாளைக்கு நீங்க உள்ள போங்க பாய். நான் வெளிய நின்னு தட்டு கேக்குறேன்."

அவர் டிரம் கதவுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். "பூட்டப் போடு" என்றார். ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை.

பிரிண்ட் எடுக்கும்போது டீச்சர், "உள்ள நிக்கிற ஆள அழிக்கலையாய்யா?" என்றார்.

"நாலு பேர அழிச்சுட்டேன் டீச்சர். ஒருத்தன் நிக்கட்டும்."

சவரிமுத்துவிடம் தாளைக் காட்டினேன். உள்ளே நின்ற ஆளை விரலால் தொட்டுப் பார்த்தான். "எல்லாம் சரிண்ணே. உள்ள நிக்கிறவனுக்குக் கதவுதான் இம்புட்டுக் கிட்டக்க இருக்காது" என்றான்.

பிள்ளைகளே, எதை வரைந்தாலும் ஒரு தடவை உள்ளே போய் நின்று பாருங்கள். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் ஆள் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது அந்த டிராயிங் பல ஷாப்புகளில் சுற்றுகிறது. பூட்டு அப்படியே இருக்கிறது. கீழ் மூலைக் கட்டத்தில் 'வரைந்தவர்' என்று யாரோ ஒரு பி.இ.யின் பெயர். உள்ளே நின்ற ஆளைத் துடைத்துவிட்டார்கள். இரண்டையும் சரிசெய்ய வேண்டும். ஆளைத் திரும்ப நிறுத்துங்கள். ஜீரோவில், அதே இடத்தில். கட்டத்தில் பெ. சின்னச்சாமி என்று போடுங்கள். பட்டம் எழுத விட்டிருக்கும் இடத்தில் ஐந்தாம் வகுப்பு என்று போடுங்கள். அந்த டிரம்மைச் செய்தவன் நான், போடு என்று சொன்னவன் நான், பூட்டை வரைந்தவனும் நான்.