கடைசி நாற்காலி

மலேசியாவின் கோலசிலாங்கூரில் ஒரு கடைவீட்டு மாடியில் கூடுகிறது எங்கள் சபை. செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டும் ஒருவர் அங்கே வருவார். பெரிய தொப்பை, வெயிலில் வெளுத்த சட்டை. எப்போதும் வாசலை ஒட்டிய கடைசி நாற்காலியில்தான் உட்காருவார்.

"தாழ்மைன்னா அந்த அண்ணன்கிட்ட கத்துக்கணும்" என்று போதகர் அடிக்கடி சொல்வார். குடும்பத்தில் முதல் பட்டதாரியாகி, ஞாயிறு பள்ளியும் நடத்தும் என்னை அப்படி ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

ஒரு ஞாயிறு முன்னதாகவே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

அவர் வந்தார். "என்ன தம்பி, ஒடம்பு முடியலையா? முன்னாலதானே ஒக்காருவீங்க."

"இல்லண்ணே, எனக்குக் கடைசி இடமே போதும்."

"ஒக்காருங்க லா. இங்கதான் காத்து நல்லா வரும். அதுக்குத்தான் நான் இங்கயே கெடக்குறது."

நேராக முன்வரிசைக்குப் போய், போதகருக்கு எதிரே என் இடத்தில் உட்கார்ந்தார். ராகம் தப்பியும் வாய்விட்டுப் பாடினார். நானோ, தாழ்மையாக உட்கார்ந்திருப்பதை யாராவது கவனிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். போதகர்கூட என் பக்கம் பார்க்கவில்லை.

இடம் மாறியதையே அந்த அண்ணன் அதற்குள் மறந்திருந்தார். எப்படி முடிகிறது அவருக்கு? நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.