தெற்கே சரிந்த பால்

கோலியர்ஸ் வுட்டில் தன் வீட்டு வாசலில் ஆனந்தராஜா அந்த ட்ரெய்லரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, கதவைத் திறந்த மனைவி வசந்தமலர் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஆருக்கு முடிஞ்சுது?"

"ஒருத்தருக்கும் ஒண்டும் முடியேல்லை. இது எங்கடை கரவன். காரிலை கொழுவி இழுத்துக்கொண்டுபோய்த் தங்கிறது."

"உது பிரேதப் பெட்டி. சில்லுப் பூட்டிக் கிடக்கு."

வசந்தமலரைக் குறை சொல்ல முடியாது. அது சாமான் ஏற்றும் ட்ரெய்லர். ஜன்னல் கிடையாது. பின்பக்கம் இரட்டைக் கதவு. நாலு பக்கமும் தகரம். டூட்டிங்கில் கார்பெட் விற்ற ஒருவர் கடையை மூடிவிட்டுப் போகும்போது கழித்துவிட்டது. அதன் இரண்டு பக்கமும், ஆள் உயரச் சிவப்பு எழுத்தில், கார்பெட் வாங்கினால் இலவசமாக விரித்துத் தரப்படும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ஆனந்தராஜா பிறகு மூன்று முறை வெள்ளைப் பூச்சு அடித்துப் பார்த்தார். பூச்சு காயக் காய அந்தச் சிவப்பு எழுத்து உள்ளேயிருந்து மறுபடியும் எட்டிப் பார்த்தது.

கரவன் ஆசை அவருக்கு வந்த கதை சிரிப்புக்குரியது அல்ல. அதற்கு நாலு வருடம் முந்தி, 1987 கோடையில், வசந்தமலர் லண்டனுக்கு வந்த புதிதில், இருவரும் தெற்குக் கடற்கரை ஊர் ஒன்றுக்கு ரயிலேறிப் போனார்கள். ஒரு விடுதியின் ஜன்னலில் அறை உண்டு என்று அட்டை தொங்கியது. மணியை அடித்தார்கள். கதவைத் திறந்த அம்மையார் இவர்களைப் பார்த்தார், தலையை இடமும் வலமும் ஆட்டினார், எல்லா அறையும் நிரம்பிவிட்டது என்றார். தெருமுனை வரை நடந்து திரும்பிப் பார்த்தால், இன்னொரு கணவனும் மனைவியும் பெட்டியோடு அதே கதவுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் வெள்ளை. அட்டை அசையாமல் அதே இடத்தில் தொங்கியது.

திரும்பி வரும் ரயிலில் வசந்தமலர் சொன்னார்: "ஷெல்லடிக்கேக்கை கோயில் மண்டபம். பிறகு பள்ளிக்கூடம். கொழும்பிலை லொட்ஜ். இஞ்சை வந்து அண்ணை வீடு. எத்தினை வாசலிலை நிண்டு படுக்க இடமிருக்கோ எண்டு கேட்டிட்டன். இனி ஒரு வாசலிலையும் நிண்டு கேக்க மாட்டன். கடலும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்."

சொன்னபடியே, அதன்பின் ஒரு கோடையிலும் வசந்தமலர் லண்டனை விட்டு வெளியே கால் வைக்கவில்லை.

நோர்பரியில் இருந்த வசந்தமலரின் அண்ணன் செல்வரத்தினம் செய்தி கேட்டுக் கொதித்தார். பலசரக்குக் கடை முதலாளி, கோயில் சபைத் தலைவர், நல்ல பாரமான மனிதர். "தோலின்ரை நிறத்தைப் பார்த்து வாசலிலை மறிக்கிறதோ? இவங்களும் மனிசரோ?" என்று மேசையில் குத்தினார்.

"அந்த மனிசி ஒரு நாள் செய்ததை, மச்சான், உங்கடை கிணத்தடியிலை உங்கடை ஆக்கள் பரம்பரையாச் செய்தவை" என்றார் ஆனந்தராஜா. "தண்ணிக்கு வந்த சனத்தை வேலிக்கு வெளியிலை நிப்பாட்டி வைச்சு, நீங்கள் அள்ளி ஊத்தினால்தான் குடிக்கலாம். அப்ப மேசை இருக்கேல்லையோ குத்துறதுக்கு?"

அந்த ஒரு கேள்வியால் இரண்டு தீபாவளிக்கு அவர்களுக்குள் போக்குவரத்து இல்லாமல் போனது. ஆனந்தராஜாவின் பேச்சு எப்போதும் அப்படித்தான். பகலில் குளிர்க்கிடங்கில் உறைந்த பட்டாணிப் பெட்டி சுமப்பார். மிச்ச நேரம் நூலகத்தில் இருந்து வாசிப்பார். சாதியைப் பற்றியும் சாமியைப் பற்றியும் யாராவது வாய் திறந்தால், சாப்பாடு ஆறினாலும் விடமாட்டார்.

ஆனால் வசந்தமலரின் அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் அவரிடம் பதில் இருக்கவில்லை. தேடிக்கொண்டே இருந்தார். கடைசியில் கண்டுபிடித்த பதில்தான் கார்பெட் ட்ரெய்லர். யாரிடமும் அறை கேட்கத் தேவையில்லை. அறையை இழுத்துக்கொண்டே போகலாம். நிறுத்திவைக்கக் கொஞ்சம் தரை கிடைத்தால் போதும்.

அந்த வருடம் வசந்த காலம் முழுக்க வேலை நடந்தது. தகரத்தின் உட்பக்கம் முழுதும் குளிர் ஏறாமல் வெள்ளை ரெஜிபோம் நுரைத் தகடு ஒட்டி, அதன்மேல் பலகை அடித்தார். ஓரிரவு உள்ளே படுத்துப் பார்த்தார். ஒட்டாமல் விட்ட ஒரு மூலையில் காலையில் மூச்சுக் காற்று நீராகி ஒழுகியது. "கூரைக்கு மேலை மழை இல்லை, உள்ளுக்குத்தான் மழை" என்று வசந்தமலர் அங்கே ஒரு சட்டி வைத்துவிட்டுப் போனார். அந்த மூலையையும் ஒட்டினார். பக்கவாட்டில் ஒரு கதவு வெட்டினார். அடுப்புக்கு மேலே தூக்கிவிடும் ஜன்னல் ஒன்று வெட்டினார். முன்பக்கம் காஸ் அடுப்பு, பின்பக்கம் குறுக்கே கட்டில்.

"ஏன் கட்டில் பின்னுக்கு?" என்று வசந்தமலர் கேட்டார்.

"பின்கதவு ரெண்டையும் திறந்தால், நீர் படுத்துக்கொண்டே கடலைப் பார்க்கலாம்."

அடுத்த நாள் கட்டிலுக்கு அடியில் ஒரு மூட்டை அரிசி, பருப்பு, தேங்காய், மிளகாய்த்தூள் டின்கள் எல்லாம் ஏறியிருந்தன. இரண்டு நாள் பயணத்துக்கு இரண்டு மாதச் சாமான். சாமான் ஏறுகிறது என்றால் ஆளும் ஏறும் என்று அர்த்தம்.

ஆனால் ஆள் ஏறுவதற்கு ஒரு நிபந்தனை இருந்தது.

"பால் காய்ச்சாத வீட்டிலை நான் படுக்க மாட்டன்."

"இது வீடில்லை, வசந்தம். வாகனம்."

"அடுப்பிருக்கு, கட்டிலிருக்கு. அண்ணையைக் கூப்பிடுங்கோ."

கூப்பிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வரத்தினம் பட்டு வேட்டியோடும் பஞ்சாங்கத்தோடும், மனைவி கலாவதியோடும், கோயில் சபையில் ஐந்து பேரோடும் வந்து இறங்கினார். அப்போது ஆனந்தராஜா ட்ரெய்லருக்குப் பின்னால் குந்தியிருந்தார். காரிலிருந்து கழற்றி நிறுத்தினால் பின்பக்கம் இரண்டு முட்டுக்கால்களைத் தரையில் ஊன்ற வேண்டும். அதற்காகத்தான் குந்தினார்.

"கெதியா, கெதியா! ராகுகாலம் வரப்போகுது" என்றார் செல்வரத்தினம்.

ஆனந்தராஜா எழுந்துவிட்டார். "உந்த ராகுகாலம் யாழ்ப்பாணத்துச் சூரியனுக்கோ, இந்தச் சூரியனுக்கோ?"

"சூரியன் ஒண்டுதான், மச்சான்."

"ஒண்டுதான். ஆனா அங்கை உச்சிக்கு வரேக்கை இஞ்சை காலமைதான். ராகு எந்த ஊரிலை ஷிப்ட் வேலை செய்யிறவர்?"

இந்தத் தர்க்கம் கொஞ்ச நேரம் ஓடியது. முட்டுக்கால்கள் மடித்தபடியே இருந்தன.

எல்லோரும் உள்ளே ஏறினார்கள். உட்கார இருந்த ஒரே இடம் கட்டில். செல்வரத்தினம் தம்பதியர் இருவரும் ஐந்து சபைக்காரரும் பின்பக்கக் கட்டிலில் நெருக்கிப்பிடித்து இருந்தார்கள். முன்பக்கம் அடுப்படியில் வசந்தமலரும், பக்கத்தில் ஆனந்தராஜாவும். பால் மெல்லப் பொங்கி வந்தது. செல்வரத்தினம் கண்ணை மூடித் தேவாரம் தொடங்கினார்.

தேவாரம் தொடங்கினால் ஆனந்தராஜா வெளிநடப்புச் செய்வார். கலியாண வீடானாலும் செத்த வீடானாலும் அவருடைய வழக்கம் அது. அன்றும் பக்கக் கதவால் இறங்கினார்.

அவருடைய பாரம் போனதும் ட்ரெய்லரின் மூக்கு வானத்தைப் பார்த்து எழுந்தது. பின்பக்கம் தரையில் மோதியது. தேவாரம் நடுவில் "ஐயோ" ஆனது. அடுப்பு அணைந்தது. பால் முழுதும் பலகை வழியே பாய்ந்து, கட்டிலில் ஒருவர் மேல் ஒருவராகக் கிடந்த சபையின் காலடியில் போய்த் தேங்கியது. வசந்தமலர் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்.

யாருக்கும் அடியில்லை, சூடுமில்லை. வேட்டிகள்தான் நனைந்தன. ஆனால் வெளியே வந்த செல்வரத்தினம் சூரியனைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், முகம் இருண்டது.

"பால் எந்தப் பக்கம் ஊத்திச்சு?"

"தெற்கு" என்றார் கலாவதி.

"யமன்ரை திசை." செல்வரத்தினம் தங்கையின் பக்கம் திரும்பினார். "பிள்ளை, இந்தப் பெட்டியிலை நீ தெற்கை போகக் கூடாது."

கடல் தெற்கே இருந்தது. வசந்தமலர் அன்றே அரிசி மூட்டையை வீட்டுக்குள் இழுக்கத் தொடங்கினார்.

ஆனந்தராஜா ஒரு கிழமை சொல்லிப் பார்த்தார். பாரம் அச்சுக்குப் பின்னால் இருந்தது, நான் முட்டுக்கால் வைக்க மறந்துபோனேன், குற்றம் என்னுடையது, யமனுக்கு இதில் ஒரு வேலையும் இல்லை என்று கரண்டியையும் தீப்பெட்டியையும் வைத்து விளக்கினார். நூலகத்தில் எடுத்த கரவன் புத்தகத்தில் பாரத்தைப் பற்றி ஒரு முழு அத்தியாயமே இருந்தது. அவர் அதைத் தாண்டிப்போய், நாடோடி மக்களை அரசாங்கங்கள் எப்படித் துரத்தின என்ற அத்தியாயத்தை இரண்டு முறை வாசித்திருந்தார்.

"நீங்கள் சொல்லுறது சரியாயிருக்கலாம்" என்றார் வசந்தமலர். "ஆனா பால் தெற்கைதானே போனது?"

அப்போதுதான் ஆனந்தராஜாவுக்கு ஒரு யோசனை வந்தது. தொலைபேசியை எடுத்தார்.

"மச்சான், பிழை என்னிலைதான். திரும்பவும் பால் காய்ச்சுவம். நல்ல நேரம் நீங்களே பாருங்கோ."

மறுமுனையில் செல்வரத்தினம் பஞ்சாங்கத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. "நீர் திருந்துவீர் எண்டு எனக்குத் தெரியும், மச்சான்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே சபை, துவைத்த வேட்டிகளோடு வந்தது. அரிசி மூட்டையை ஆனந்தராஜா கெஞ்சி வாங்கி மறுபடி கட்டிலடியில் வைத்திருந்தார். ஒன்றே ஒன்றைத்தான் மாற்றினார். ட்ரெய்லரை முழுதாகத் திருப்பி நிறுத்தியிருந்தார். இப்போது கட்டில் வடக்கே. முட்டுக்கால் இந்த முறையும் இல்லை, ஆனால் மறதியால் அல்ல.

"போன முறை இருந்த மாதிரியே இருங்கோ" என்று எல்லோரையும் அன்போடு இருத்தினார். பால் பொங்கியது. காஸை அணைத்தார். தேவாரம் தொடங்கியது. வசந்தமலரின் காதில் "சட்டத்தைப் பிடியும்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

மூக்கு எழுந்தது. சபை குவிந்தது. பால் பாய்ந்தது.

"பாத்தீங்களோ!" ஆனந்தராஜா தெருவில் நின்று கையை வீசினார். "தெற்குமில்லை வடக்குமில்லை! பால் போறது மச்சான் இருக்கிற திசைக்கு! அவர் எந்தப் பக்கம் இருக்கிறாரோ அந்தப் பக்கம் சரியும். இதிலை கடவுள் எங்கை? யமன் எங்கை? ஏழு பேரின்ரை பாரம்!"

கட்டிலில் மல்லாந்து, கால் இரண்டும் மேலே இருக்க, செல்வரத்தினம் கேட்டார்: "கலா, எந்தப் பக்கம் ஊத்திச்சு?"

கலாவதி திறந்திருந்த பக்கக் கதவால் தெருவைப் பார்த்தார். "வடக்கு."

"குபேரன்ரை திசை!" கால்கள் சந்தோஷத்தில் ஆடின. "பிள்ளை, தோஷம் நீங்கிட்டுது!"

வசந்தமலரின் முகம் மலர்ந்தது. "அப்ப நாங்கள் போகலாமோ, அண்ணை?"

"தாராளமாப் போகலாம்."

ஆனந்தராஜா உயர்த்திய கையை இறக்க மறந்து அப்படியே நின்றார். எல்லாவற்றையும் நிரூபித்தாயிற்று. கேட்க ஆளில்லை. அன்று மாலை அந்த விட்டுப்போன அத்தியாயத்தை வாசித்தார். கட்டிலடியில் பாரத்தோடு நெடுஞ்சாலையில் ஓடினால் ட்ரெய்லர் வாலாட்டிக் காரையே புரட்டிவிடும் என்று போட்டிருந்தது. அரிசி மூட்டையைத் தூக்கி அடுப்படிக்குக் கீழே வைத்தார். பால் தெற்கே கொட்டிய சகுனத்தால்தான் உயிர் தப்பினோம் என்று மச்சான் சொல்ல வழியிருக்கிறது. அதனால் இதை அவர் செல்வரத்தினத்திடம் கடைசிவரை சொல்லவில்லை.

ஆகஸ்டில் போனார்கள். அதே ஊர். ஊருக்கு வெளியே கடலோரமாகக் கரவன்கள் நிற்கும் புல்வெளி. வாசலில் ஒரு காவலர். ஆனந்தராஜா இறங்கிப் போனார். வசந்தமலர் காரிலேயே இருந்தார். காவலர் ட்ரெய்லரின் பக்கவாட்டைப் பார்த்தார். வெயிலில் சிவப்பு எழுத்து நன்றாகத் தெரிந்தது. தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

இங்கே வியாபாரம் செய்யக் கூடாது என்றுதான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். காருக்குள் அது கேட்கவில்லை. தலை ஆடியது மட்டும் தெரிந்தது. அந்தத் தலையாட்டலை வசந்தமலர் முன்னரே ஒரு வாசலில் பார்த்திருக்கிறார்.

கார்க் கதவு திறந்தது. வசந்தமலர் நேரே போய் ட்ரெய்லரின் பக்கக் கதவை விரியத் திறந்தார். அடுப்பு, சட்டி, கட்டில், பூப்போட்ட போர்வை.

"நோ கார்பெட்" என்றார். "ஹவுஸ். மை ஹவுஸ்."

இடமிருக்கிறதா என்று கேட்கவில்லை. சொன்னார், அவ்வளவுதான்.

காவலர் உள்ளே எட்டிப் பார்த்தார். மிளகாய்த்தூள் வாசனையில் ஒரு தும்மல் போட்டார். சிரித்துக்கொண்டே கடலைப் பார்த்த ஒரு மூலையைக் காட்டினார்.

மறுநாள் காலை ஆனந்தராஜா குழாயடியில் பல் தீட்டிக்கொண்டிருந்தார். பின்கதவு இரண்டும் திறந்திருந்தன. வசந்தமலர் கட்டிலில் சாய்ந்தபடி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது பக்கத்துக் கரவன் பெண்மணி ஒருவர், இரவு உடுப்போடு வந்து பக்கக் கதவைத் தட்டினார். தன் வீட்டு மாடிப்படிக்குக் கார்பெட் விரிக்க என்ன செலவாகும் என்று கேட்டார்.

வசந்தமலர் கதவைத் திறந்து, வாசலில் நிற்பவரை ஒரு கணம் பார்த்தார். இந்த நாட்டில் வெளியே நின்று கேட்பவராக இல்லாமல், உள்ளே நின்று பதில் சொல்பவராக அவர் இருந்தது அதுதான் முதல் தடவை போலிருக்கிறது.

"கார்பெட் இல்லை. டீ இருக்கு. கம், கம். சிட்."

குழாயடியிலிருந்து ஆனந்தராஜா வாயில் நுரையோடு ஓடி வந்தார். "கட்டிலிலை இருத்தாதையும்! முட்டுக்கால்! நான் முட்டுக்கால் இறக்கினனோ தெரியாது!"

தரையோடு படுத்து அடியில் தலையை விட்டார். இரண்டு கால்களும் புல்லில் உறுதியாக ஊன்றியிருந்தன.

மேலேயிருந்து வசந்தமலரின் குரல் வந்தது. "நான் நேற்றே இறக்கிட்டன். நீங்கள் அந்தக் காவல்காரனுக்கு நாடோடிச் சனத்தின்ரை சரித்திரம் சொல்லிக்கொண்டு நிண்டியள்."

ஆனந்தராஜா அடியில் கிடந்தபடியே கேட்டார். "அப்ப பாரம்தான் காரணமெண்டு உமக்கு விளங்கினது?"

"முதல் நாளே விளங்கினது."

"பிறகென்ன குபேரன்?"

தேநீர்க் கேத்திலை அடுப்பில் வைக்கும் சத்தம் கேட்டது.

"குபேரனும் இருக்கட்டும், முட்டுக்காலும் இருக்கட்டும்" என்றார் வசந்தமலர். "எழும்பி வாங்கோ, விருந்தாளி வந்திருக்கிறா."