ராஸ்கோவின் குணமும் ஒரு கோழிக்காலும்

அமெரிக்காவின் அயோவாவில், சோளக்காட்டுக்கு நடுவே கிடக்கும் கெல்டன் ஊரில், அடுத்தவர் குணத்தை எடைபோடும் தராசு வெர்ன் ஸ்டாட்லரிடம் இருந்தது. அது அவர் வயிற்றுக்குள் இருந்தது என்பது ஊருக்குத் தெரியாது என்றே அவர் நம்பினார். உள்ளூர்ப் பத்திரிகையில் தலை நரைக்கும்வரை பேஸ்பால் எழுதியவர். ஊர் அணியின் புகழ் மண்டபத்துக்கு, அதாவது டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால் பித்தளைத் தகடுகள் தொங்கும் சுவருக்கு, ஆள் தேர்ந்தெடுக்கும் மூவரில் ஒருவர். மூவரும் கை தூக்கினால்தான் தகடு.

அந்த ஆண்டு இரண்டு பெயர்கள். ஸ்கிப் டான்பி, வந்த பந்தையெல்லாம் கோட்டைவிட்டவன். ஆனால் கேட்டவருக்கெல்லாம் கையெழுத்துப் போட்டு, எல்லாக் குழந்தைகளையும் கொஞ்சியவன். அவனுக்குக் கைகள் தாமாக உயர்ந்தன. அடுத்தவன் ராஸ்கோ டிபெட்ஸ். அவன் அடித்த பந்துகளைச் சோளக்காட்டில் இன்னும் தேடுகிறார்கள். சிரிக்கமாட்டான், பத்திரிகைக்காரனைக் கண்டால் முதுகைக் காட்டுவான். விதிப்படி அவனுக்கு இதுவே கடைசி வாய்ப்பு.

இரண்டு கைகள் உயர்ந்தன. வெர்னின் கை மேஜையிலேயே இருந்தது.

"விதியில குணம்னு ஒரு வார்த்தை இருக்கு, ஓடெட்," என்றார், பாதிரியார் குரலில்.

குழுத் தலைவி ஓடெட், டிக்கெட் கிழித்தே முதுகு வளைந்தவர், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அப்படி என்னதாம்ப்பா பண்ணிட்டான்? சூதாடினானா? ஊக்கமருந்து ஊசி போட்டுக்கிட்டானா?"

"அதெல்லாம் இல்ல..."

"வருஷா வருஷம் இதையேதான் சொல்றே. ஒண்ணே ஒண்ணு சொல்லேன்!"

வெர்ன் நெஞ்சைத் துழாவினார். அகப்பட்டது ஒரு கோழிக்கால்தான். பல ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், ஆட்டம் முடிந்து ஆட்டக்காரர்கள் குளிக்கப் போயிருந்தார்கள். உடைமாற்றும் அறையில் அவர்களுக்காகப் பரப்பியிருந்த சாப்பாட்டில் வெர்ன் முதல் ஆளாகத் தட்டை நிரப்பிக்கொண்டிருந்தார். ஈரத் தலையோடு வந்த ராஸ்கோ, அந்தத் தட்டிலிருந்து கோழிக்காலை எடுத்துத் திரும்பவும் பாத்திரத்தில் போட்டான். "ஆடினவன் முதல்ல சாப்பிடட்டும். எழுதறவன் அப்புறம்." அணியே சிரித்தது. மறுநாள் முதல் வெர்னின் எழுத்தில் ராஸ்கோ பண்பில்லாதவன் ஆனான். ஊரும் அதையே சொல்லப் பழகிக்கொண்டது.

கோழிக்காலை எப்படிச் சபையில் வைப்பது?

"இளைஞர்களுக்கு அவன் நல்ல முன்மாதிரி இல்ல," என்றார் வெர்ன். ராஸ்கோவின் பெயர் பட்டியலிலிருந்து விழுந்தது.

அன்று மாலை தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஊர் விருந்து. ஒரு மூலையில் ஸ்கிப்பைச் சுற்றிக் கும்பல். பரிமாறும் மேஜைக்குப் பின்னால், ஏப்ரன் கட்டி, இடுக்கியோடு ராஸ்கோ. முடிவு அவனுக்குத் தெரிந்திருந்தது. வரிசையிலிருந்து நழுவ வெர்னுக்கு வழியில்லை. பின்னால் ஓடெட் நின்றார்.

ராஸ்கோ இருப்பதிலேயே பெரிய கோழிக்காலைத் தேடி எடுத்து வெர்னின் தட்டில் வைத்தான்.

"இன்னிக்கு ஆடினது நீங்கதான், வெர்ன். முதல்ல சாப்பிடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஓடெட் மட்டும் அந்தத் தட்டையும் வெர்னின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அட கடவுளே! இன்னும் அந்தக் கோழிக்காலா, வெர்ன்?"

அப்படியானால் ஊருக்கே தெரியும். கடிக்கவும் முடியாமல், கீழே வைக்கவும் முடியாமல் வெர்ன் நின்றார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போயிற்று.