இருபத்தெட்டுக் கைநாட்டும் அமராவதியும்

அமராவதி ஜெயித்தவற்றைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் பின்சுவர் சரிந்த வருடம், கூரைத் தகரம் கேட்டுத் துரையின் பங்களா வாசலில் மழையோடு மழையாக மூன்று நாள் உட்கார்ந்தாள். தகரம் வந்த பிறகுதான் எழுந்தாள். பாறையில் வழுக்கி முழங்கால் உடைந்தபோது இனி மலை ஏறமாட்டாள் என்றார்கள். பத்தாம் மாதம் கொழுந்துக் கூடையோடு தேயிலைச் செடிகளின் முதல் நிரையில் நின்றாள். பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவு படிப்பு எதற்கு என்றவர்களின் வாயை அடைத்து, மகள் ஜெயந்தினியைப் பண்டாரவளைக்கு அனுப்பி ஏ.எல். உயர்தரம் வரை படிக்க வைத்தாள். இவள் மட்டும் இரண்டாம் வகுப்போடு நின்றவள். தொட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒரு ஆள் தேவைப்பட்டது. அண்ணன் பொன்னையா எட்டாம் வகுப்பு வரை போனது அதனால்தான்.

கடைசியாக ஒன்றை ஜெயித்தாள். பதுளையிலிருந்து வரும் மனநல கிளினிக் வண்டியை, ஸ்பிரிங்வெளிப் பாதையை விட்டுத் திருப்பி, தோட்டத்தின் மேல்பிரிவு வரை ஏற வைத்தாள். அந்தச் சண்டையை அவள் அண்ணனிடமிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

பொன்னையா அந்தப் பிரிவின் கங்காணி. இருபத்தெட்டுப் பெண்கள் அவருடைய பொறுப்பு. யாருக்கு எந்த நிரை, யாருக்கு எந்தக் கையில் வலி என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். 2021 ஆகஸ்ட் இருபத்தேழாம் தேதி அமராவதியின் கணவன் முத்துவேல் கொரோனாவில் ஆஸ்பத்திரியிலேயே போனான். பெட்டி லயத்துக்கு வரவில்லை. லயத்தைக் கயிறு கட்டி மூடியிருந்ததால் அழவும் ஆள் கூடவில்லை. பதினாலு நாள் கழித்துக் கயிற்றை அவிழ்த்த மறுநாள் காலை அமராவதி வேலைக்கு வந்து நின்றாள். கொழுந்து ஒரு கிலோகூடக் குறையவில்லை. 'என் தங்கச்சி இரும்பு' என்று பொன்னையா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார்.

நவம்பரில் ஒரு காலை, பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடும் நேரத்தில், பதுளைச் சுகாதார அலுவலகத்திலிருந்து ஆர்த்திகா என்ற அதிகாரி வந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி, வேலைக்குப் புதிது. நோய்க் காலத்தில் சனங்களின் மனம் எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதும் தாள்கள் அவள் கையில். தூறல் விழுந்தது. தாள் நனைவதையும் நேரம் போவதையும் பொன்னையாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"மிஸ், ஒவ்வொருத்தரா கேட்டா மத்தியானம் ஆயிரும். நானே சொல்றேங்க. இவுங்கள எனக்குத் தெரியாதா?"

"நித்திரை வராம ஆரும் இருக்கினமோ? வாழ்ந்து என்ன பலன் எண்டு ஆருக்கும் தோன்றுதோ?"

"இந்தப் பொம்பளைங்களா? கூடைய எறக்கி வச்சதும் கொறட்டை விடுவாங்க மிஸ்."

பெண்கள் சிரித்தார்கள். அமராவதியும் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாள் என்றுதான் பொன்னையா நினைத்தார். ஆர்த்திகா எல்லாத் தாளிலும் 'இல்லை' என்று குறித்தாள்; பெண்கள் சம்பளச் சீட்டுக்கு வைப்பதுபோல வரிசையாக வந்து நீல மையில் பெருவிரலை வைத்தார்கள். ஒரு தாளிலும் மை தீற்றவில்லை என்பதில் அவருக்குத் திருப்தி.

தை மாதம் பிறந்த பிறகு ஒரு ஞாயிறு, அமராவதி மூச்சு வாங்க அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். சந்திக் கடை நளீரா அவளிடம் ஒரு சேதி சொல்லியிருந்தாள்: "எங்கட தெருவுக்குச் செவ்வாக்கிழமை மனசுக்குப் பாக்குற டொக்டர் வண்டியில வாறாரு. கீழ சிங்களக் கிராமத்துக்கும் போறாராம். ஒங்கட தோட்டத்துக்கு மட்டும் இல்லயாம். அங்க ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லண்டு எழுதியிருக்காம்! என்னைய அறையில தனியா இருத்தி, மாப்புளய வெளிய போகச் சொல்லிட்டுத்தானே கேட்டாங்க. ஒங்களுக்கு அப்பிடி கேக்கல்லயா?"

"நான் நல்லா இருக்கேன்னு ஒனக்கு யாருண்ணே சொன்னது?" என்றாள் அமராவதி.

"நீதானே கைநாட்டு வச்ச."

"வைக்கச் சொன்ன, வச்சேன். அஞ்சு மாசமா தூக்கம் இல்ல. நிரையில நிக்கிறப்ப நெஞ்சு அடைச்சு கை மரத்துப் போகுது. கீழ பள்ளத்தப் பாத்தா எறங்கிரலாமான்னு தோணுது. அதெல்லாம் ஒன் தாள்ல இருக்கா?"

பொன்னையா பக்கத்து வாசல்களைப் பார்த்தார். அவர் வாயில் வந்த வார்த்தை தவறானது. "சத்தமா பேசாத அமரா. பைத்தியம்னு பேர் கட்டிருவாங்க. ஜெயந்தினிக்கு நாளைக்கு ஒரு எடம் பாக்கணும்ல."

"கட்டட்டும். செத்த பொறகு இரும்புன்னு பேர் வாங்கி நான் என்ன செய்யிறது?"

மறுநாள் அவரையும் இழுத்துக்கொண்டு பதுளை அலுவலகத்துக்குப் பஸ் ஏறினாள். ஆர்த்திகா மேசையில் ஒரு அட்டவணையை விரித்துக் காட்டினாள். சிங்களக் கிராமத்தில் ஐந்தில் ஒருவருக்கு மனக்கஷ்டம். முஸ்லிம் தெருவில் ஆறில் ஒருவருக்கு. தோட்டத் தமிழர் என்ற வரியில் பூச்சியம்.

"நான் என்ன செய்யிறது அம்மா? நீங்கள்தானே விரல் வைச்சிருக்கிறியள். தோட்டத்து ஆக்கள் கஷ்டத்துக்குப் பழகினவை எண்டு மேலிடத்துக்கு எழுதியும் போட்டம்."

"அட்டைக் கடிக்குக் காலு பழகிருச்சு மிஸ். புருசன் மூஞ்சியப் பாக்காம எரிச்சதுக்கு மனசு எப்பிடிப் பழகும்? அவுங்கள எல்லாம் கதவச் சாத்திட்டுக் கேட்டீங்க. எங்கள கங்காணிக்கு முன்னால நிக்க வச்சுக் கேட்டீங்க. எங்களுக்கு மட்டும் என்னா, கதவு இல்லையா?"

ஆர்த்திகா பேனாவை மூடினாள். பொன்னையா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நான்தாங்க சொன்னேன் மிஸ். இவுங்க ஒருத்தரும் வாயத் தொறக்கல."

ஆர்த்திகா அட்டவணையை மடித்து வைத்தாள். "அங்க கதவு பூட்டக்கூடிய அறை ஒண்டு இருக்குதோ?"

"வேலைக்குப் போறப்ப கொழந்தைங்கள விடுற பிள்ளைக் காம்பரா இருக்கு. அன்னிக்கு அவுங்கள வெளிய வச்சுப் பாத்துக்கிறோம்" என்றாள் அமராவதி. திரும்பி அண்ணனையும் பார்த்தாள். "இந்தத் தடவ நான் விரல் வைக்க மாட்டேன். எனக்காக நீ கையெழுத்துப் போடவும் வேணாம்."

அன்றிலிருந்து தினக் கலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் எல்லாம் அவளுடையதாயிற்று. ஜெயந்தினி அம்மாவின் பெயரை ஒரு தடவை எழுதிக் காட்டினாள். மீதியை அமராவதி பார்த்துக்கொண்டாள். முதல் எழுத்தான 'அ' அவளுக்கு அடங்கவே இல்லை. "இத மொத எழுத்தா வச்சவன் கொழுந்தே எடுத்ததில்ல போல" என்று திட்டித் திட்டி எழுதினாள்.

ஆர்த்திகா மீண்டும் வந்த நாளில் லயத்தில் முணுமுணுப்பு இருந்தது. "பைத்தியக்காரத் தாள் வந்திருக்கு, யாரு போறீங்க?" என்று யாரோ கத்தினார்கள். "மொத பைத்தியம் நான். ரெண்டாவது யாரு?" என்று கேட்டுவிட்டு அமராவதி பிள்ளைக் காம்பராவுக்குள் போனாள். அதற்கு முன் பொன்னையாவைக் கூப்பிட்டு, சத்தம் எட்டாத தூரத்தில் இருந்த சவுக்கு மரத்தைக் காட்டினாள். "அங்கிட்டு நில்லுண்ணே. கூப்புடுற வரைக்கும் வராத."

நின்றார். முப்பது வருடமாகப் பெண்களை நிற்க வைத்த மனிதர், காற்றில் தனியாக நின்றார். கதவு திறந்து மூடுவதை எண்ணினார். அமராவதி முக்கால் மணி நேரம் உள்ளே இருந்தாள். கண் வீங்கி, தலை நிமிர்ந்து வந்தாள். அதன் பிறகு ஒருத்தி, பிறகு நான்கு பேர். மாலைக்குள் இருபத்தெட்டுப் பேரும் போய் வந்தார்கள். பதினொரு பேர் பூச்சியத்தை அழித்தார்கள் என்று பின்னால் தெரிந்தது. மார்ச்சில் டீசலுக்கு ஊரே வரிசையில் நின்றபோதும் வண்டி மேல்பிரிவுக்கு ஏறியதற்கு அந்தப் பதினொரு தாள்கள்தான் காரணம்.

எல்லோரும் முடிந்ததும் அமராவதி மரத்தடிக்கு வந்தாள். "நீயும் போண்ணே. முத்துவேலு ஒனக்கும் கூட்டாளிதானே. நீ அழுது நான் பாக்கல."

பொன்னையா உள்ளே போய்ச் சிறு பிள்ளைகளின் பலகையில் உட்கார்ந்தார். மேசையில் முதல் தாள் அமராவதியுடையது. அவள் சொன்ன பதில்களை ஆர்த்திகா உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, அடியில் இருந்த ஒரு வரியை மட்டும் அவருக்குக் காட்டினாள். கைநாட்டு மைப்பெட்டி மூடியபடி ஓரத்தில் கிடந்தது. முதல் எழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தது, மற்ற நான்கும் நேராக நின்றன. பக்கத்தில் தேதியையும் அவளே எழுதியிருந்தாள்: 2022 பெப்ரவரி 16.