மண்டித் திரையில் பூ மழை

தமிழ்மொழி முதலில் திரையைப் பார்ப்பதில்லை. மேசைக்குக் கீழே குனிந்து, சி.பி.யு. பெட்டியின் முதுகில் உள்ளங்கையை வைப்பாள். "கொதிக்குது. உள்ள எவனோ ஓயாம ஓடிக்கினு இருக்கான்" என்பாள். பிறகுதான் நாற்காலி. யாராவது "வைரசா?" என்று கேட்டுவிட்டால் போச்சு. "எல்லாத்துக்கும் வைரசா? பாவம், அது இன்னா பண்ணுச்சு?" என்று எரிந்து விழுவாள்.

திண்டிவனத்தில் அரங்கநாதனின் மல்லாட்டை மண்டிக்கு, அதாவது நிலக்கடலை மண்டிக்கு, இணையத்தில் ஏலப் பக்கம் கட்டிக் கொடுத்தவள் இவள்தான். விழுப்புரத்து வியாபாரி தன் கடையில் உட்கார்ந்தபடியே விலை கேட்கலாம். அது மண்டித் திரையில் வந்து நிற்கும். முதலாளிக்கு அது போதவில்லை. "மங்களகரமா இருக்கணும்மா. ஒவ்வொரு வெல படிஞ்சதும் பூ கொட்டணும்" என்றார். கொட்ட வைத்தாள். சாமந்தியும் மல்லியும் திரையில் உதிர்வதை அவளே வாய் பிளந்து ரசித்தாள். தன் வேலைமேல் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, அதை மறைப்பானேன்!

அந்தக் கர்வம்தான் ஒரு புதன்கிழமை கழுத்தைப் பிடித்தது. ஏலம் முடியும் நேரம். வல்லத்து விவசாயி வீரம்மாளின் மூட்டைகள்தான் கடைசி. தார்ப்பாய்கூட இல்லாமல் வாசலில் கிடந்தன. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இன்று விலை படியாவிட்டால் அடுத்த வாரம்தான், நனைந்த மல்லாட்டையை எவன் சீண்டுவான்? திரையோ அசையாமல் நின்றது. பெட்டிக்குள் விசிறி ஊளையிட்டது. விழுப்புரத்திலிருந்து வியாபாரி சுகுமார் போனில் கத்தினார்: "ஏத்திக் கேட்டுட்டேங்க, அங்க வந்துச்சா இல்லியா?"

வரவில்லை. போனில் சொன்ன விலை அங்கே செல்லாது. திரையில் வந்தால்தான் விலை.

"மூடிட்டுத் தெறக்கட்டுமா மொதலாளி?"

"நடுவுல மூடறதா? கடையச் சாத்துன மாதிரி ஆயிடும்மா!"

காலையில் கற்பூரம் காட்டித் திறந்த பக்கத்தை, ஏலம் முடியும்வரை அவர் மூடவிட்டதே இல்லை. அப்போதுதான் தமிழ்மொழிக்குச் சுரீர் என்றது. வீட்டில் சோதித்தபோது அவள் ஒரே ஒரு ஏலத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு மூடியிருந்தாள். இங்கேயோ காலையிலிருந்து படிந்த ஒவ்வொரு விலைக்கும் கொட்டிய பூ, கண்ணுக்குத் தெரியாமல் திரைக்குக் கீழே இன்னும் விழுந்துகொண்டே இருக்கிறது! ஒரு பூவைக்கூட நிறுத்தச் சொல்லி அவள் எழுதவில்லை. அந்தப் பாரத்தில்தான் பெட்டி திணறுகிறது.

"அடிப்பாவி" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பக்கத்தை ஓட்டும் நிரல் வரிகளைத் திறந்தாள். தட்டிய எழுத்து ஒவ்வொன்றும் முக்கி முனகித்தான் வந்தது.

"எம்மா, தூறல் போடுது, ஜல்தி பாரும்மா" என்று வீரம்மாள் முந்தானையைப் பிசைந்தாள்.

"பூவ எடுத்துட்டா அபசகுனம்" என்றார் முதலாளி.

"மூட்ட நனைஞ்சா மட்டும் நல்ல சகுனமா?" என்றவள், பூவையெல்லாம் ஒட்டுமொத்தமாக அழித்து, இனி எதுவும் கொட்டாதபடி செய்துவிட்டு விசையைத் தட்டினாள்.

விசிறியின் ஊளை மெல்ல அடங்கியது. சுகுமார் கேட்ட விலை துள்ளிக்கொண்டு மேலே வந்தது. அதற்குமேல் யாரும் கேட்கவில்லை, படிந்தது. வீரம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆட்கள் மூட்டைகளை உள்ளே இழுக்க ஓடினார்கள்.

முதலாளி மட்டும் வெறும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "பூ விழலியேம்மா..."

தமிழ்மொழி எழுந்தாள். மேசையில் மாதிரிக்கு வைத்திருந்த தட்டிலிருந்து ஒரு கை மல்லாட்டையை அள்ளினாள். திரைக்கு மேலே கையை உயர்த்தி, மெல்ல மெல்லச் சொரிந்தாள்.