காந்திமதி கை விரித்தாள்

இராக்கம்மா சின்னம்மா தேயிலைக் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த காலத்தில் மலையில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு தோட்டம் அவளைப் பிள்ளைக்காம்பராவில் வைத்தது. தாய்மார் மலைக்குப் போகும்போது சின்னப் பிள்ளைகளை விட்டுப்போகும் அந்தத் தகரக்கூரை அறையில், நொண்டிக்கொண்டே ஒரு கூட்டத்தை மேய்த்தாள். வாய் பெரிது. கங்காணியையும் திட்டுவாள், பிள்ளைகளையும் திட்டுவாள். கங்காணி மட்டும்தான் பயப்படுவார்.

எங்கள் தோட்டம் பதுளை மலையில், ஸ்பிரிங்வெளிக்கும் அப்பால். குவைத்திலும் லண்டனிலும் பிள்ளை பார்க்கும் வேலை செய்துவிட்டு 1981இல் நான் திரும்பியிருந்தேன். லயத்து வீட்டில் உட்காரப் பிடிக்காமல் பகலெல்லாம் சின்னம்மாவோடு காம்பராவில் கிடந்தேன்.

மாரியாயியின் மகள் காந்திமதிக்கு நான்கு வயது. கழுத்து நிற்காது. பேச்சில்லை. அழுதால் பூனைக்குட்டி முனகுவதுபோலத்தான் கேட்கும். விரல்கள் எப்போதும் இறுக மூடியிருக்கும். அவளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் மாரியாயி வேலைக்குப் போய்வந்தாள். அதைக் கேள்விப்பட்ட சின்னம்மா யாரிடமும் கேட்காமல் பிள்ளையைக் காம்பராவுக்குத் தூக்கிவந்துவிட்டாள்.

ஒருநாள் சின்னம்மா பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தபோது காந்திமதிக்குக் குடித்த பால் மேலே வந்து மூச்சு அடைத்தது. சத்தமே இல்லை. நான் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தபோது உதடு நீலமாகியிருந்தது. கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டினேன். பிழைத்தாள். ஆனால் செய்தி தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் நல்லையாவின் காதுக்குப் போய்விட்டது.

மறுநாளே, மாரியாயி பிள்ளையை விட வந்த நேரத்தில் வந்தார். கெட்ட மனிதரில்லை. பயந்த மனிதர்.

"இது இங்க செத்துப்போனா துரை என் கழுத்தத்தான் புடிப்பாரு. கொழும்புப் பக்கம் இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு மடம் இருக்கு. திங்கக்கெழம லொறியில அனுப்பிருவோம்."

"அதுக்கு எப்புடிச் சோறு ஊட்டணும்னு அங்க யாருக்குங்க தெரியும்?" என்றாள் மாரியாயி.

"ஒரு ஆபத்துன்னா கூப்பிடத் தெரியாத பிள்ளைய யாரு பாக்கிறது?"

"கூப்பிட்டா?" என்றாள் சின்னம்மா.

"எப்புடிக் கூப்பிடும்?"

"அது எங்க பாடு. கூப்பிட்டா வச்சுக்கலாமா ஐயா?"

"கூப்பிட்டாப் பாக்கலாம்" என்றார், நடக்கப்போவதில்லை என்ற தைரியத்தில்.

லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் நான் பார்த்திருந்தேன். ஒரு பையன் கையால் ஒரு தட்டை அமுக்குவான், பொம்மை ரயில் ஓடும். அதைச் சொன்னதும் சின்னம்மா என்னைப் பதுளைக்கு விரட்டினாள். பஜாரில் ரேடியோ திருத்தும் புஹாரி நானா பழைய அழைப்பு மணி ஒன்றையும் வயரையும் டோர்ச் பெட்டரிகளையும் தந்தார். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டும் வெள்ளித்தாளை ஃபெக்டரியில் வாங்கினோம். இரண்டு அட்டைகளில் தாளை ஒட்டி, நடுவில் ஓட்டை போட்ட ஸ்பொஞ்சை வைத்து, காந்திமதியின் கைக்குள் செருகினோம். அமுக்கினால் தாளும் தாளும் தொடும், மணி அடிக்கும்.

அடித்தது. நிற்கவே இல்லை. மூடிய கை மூடியபடியே இருந்தது. தூங்கிய பிள்ளைகளெல்லாம் எழுந்து அலறின.

"லண்டன் வரைக்கும் போயி இதத்தான் படிச்சியாடி? கோயில் பூசையில கூட நடுவுல மணிய நிப்பாட்டுவாங்க" என்றாள் சின்னம்மா.

ஞாயிற்றுக்கிழமை மாரியாயி வந்து பார்த்தாள். மகளின் விரல்களைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"மூடுறது இவ மூடுறதில்லக்கா. அது தன்னால மூடிக்குது. தெறக்கிறதுதான் இவ வேல. பேரச் சொன்னா தெறப்பா. நேரமாகும்."

அப்படியென்றால் கையை விடும்போதுதான் மணி அடிக்க வேண்டும். என்ன செய்வதென்று தெரியாமல் இருட்டும்வரை அட்டைகளைப் பிய்த்துப் பிய்த்து ஒட்டினேன். கொடியிலிருந்து அணையாடைகளை எடுத்துக்கொண்டிருந்த சின்னம்மா கையிலிருந்த மரக் கிளிப்பை அமுக்கினாள், விட்டாள். மறுபடி அமுக்கினாள். பிறகு அதை என் மடியில் போட்டாள். பின்பக்கத்தை அமுக்கினால் வாய் திறக்கும், விட்டால் கவ்வும். வாயின் இரு பக்கமும் வெள்ளித்தாளைச் சுற்றி வயரைக் கட்டினோம். காந்திமதி பிடித்திருக்கும்வரை சத்தமில்லை. பிடி தளர்ந்தால் மணி.

ஒரேயொரு முறைதான் அடித்தாள். அதற்குள் தூங்கிப்போனாள்.

திங்கட்கிழமை காலையில் லொறி இஞ்சினை நிறுத்தாமல் வாசலில் நின்றது. மாரியாயி வேலைக்குப் போகவில்லை. நல்லையா காந்திமதி படுத்திருந்த பாய்க்கு முன்னால் வந்து நின்றார்.

"எங்க, கூப்பிடச் சொல்லு."

எல்லோரும் குனிந்து பார்த்தோம். காந்திமதியின் உடம்பு முழுவதும் விறைத்தது. கிளிப் முறிந்துவிடும்போல நசுங்கியது. மணி அடிக்கவில்லை. வெளியே டிரைவர் ஹோர்ன் அடித்தான்.

"இப்புடி மொறச்சா எனக்கே வாய் வராதுங்க" என்றாள் சின்னம்மா. "எல்லாரும் செவத்தப் பாத்துத் திரும்புங்க. பால் குடுக்கிற நேரந்தான். நீங்களே பேரச் சொல்லிக் கூப்பிடுங்க."

"வெளையாடுறியா?" என்றார். ஆனால் திரும்பினார். ஊசி போட்டவர் அவர்தான் என்பதால் பிள்ளைகளின் பெயர்கள் தெரியும்.

"சிவலிங்கம்." அவன் ஓடிவந்து சின்னம்மாவிடம் கோப்பையை வாங்கினான். "புஷ்பராணி." அவளும் வாங்கினாள்.

"காந்திமதி."

இஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. ஓரக்கண்ணால் பார்த்தேன். வாய் ஒரு பக்கம் கோணியது, தோள் எழும்பியது, விரல்கள் இன்னும் இறுகின. மாரியாயி சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு சுவரில் நெற்றியை வைத்திருந்தாள்.

"போதும்" என்று அவர் திரும்பத் தொடங்கினார். மணி அடித்தது.

"தற்செயலா இருக்கும்."

"மறுபடி கூப்பிடுங்க."

"சிவலிங்கம்" என்றார். பால் மீசையோடு அவன் இரண்டாம் தடவை வந்தான். மணி அடிக்கவில்லை. "புஷ்பராணி." அடிக்கவில்லை. கொஞ்சம் விட்டு, மெதுவாக, "காந்திமதி."

இந்தமுறை அவர் அவசரப்படவில்லை. காத்திருந்தார். மணி அடித்தது.

"மூச்சு முட்டுறப்பவும் கை விரிக்குமா?"

"தெரியாதுங்க" என்றாள் சின்னம்மா. "பக்கத்துலயேதான் போட்டு வச்சிருப்பேன்."

அவர் வெளியே போய் டிரைவரிடம் ஏதோ சொன்னார். இஞ்சின் அடங்கியது. திரும்பி வந்து, "இருக்கட்டும். இன்னொரு தரம் நீலமாச்சுன்னா லொறிதான், சொல்லிட்டேன்" என்றார்.

மணி மறுபடி அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது.

"இப்ப நான் கூப்பிடலையே?"

"ரெண்டு தரம் கூப்பிட்டீங்க" என்றாள் சின்னம்மா. "பால் குடுக்கலையே."

நல்லையா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, காந்திமதியின் கோப்பை எதுவென்று கேட்டார்.